படிக்கத்தில் கிடந்த சிவப்பு

எங்கள் வீட்டில் சிவப்பாகத் துப்புகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் என் வீட்டுக்காரர், வெற்றிலை போடுகிறவர். இன்னொருத்தி நான், ஆஸ்திரேலியா ஒயினை வாயில் வைத்துப் பார்த்துத் துப்புகிறவள். இரண்டு பேருக்கும் ஒரே படிக்கம். அகன்ற வாயும் சிறுத்த இடுப்புமாக ஒரு பழைய பித்தளைப் படிக்கம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்தப் படிக்கத்துக்குள் ஒருநாள் வெற்றிலையும் இல்லாத, ஒயினும் இல்லாத ஒரு சிவப்பைப் பார்த்தேன். அப்போது வந்த பயம் இன்னமும் என்னை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இந்த ஒயின் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதிர்வீட்டு அம்மா கேட்டது போல நீங்களும் 'ரிட்டயர்டான டீச்சருக்கு இது தேவையா' என்று கேட்பீர்கள். ஆவூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள் நான். வேதக்காரக் குடும்பம். எங்கள் ஆட்களுக்கு ஒயின் என்றால் பூசையில் சாமியார் கையில் ஏந்துகிற கிண்ணத்தில் இருப்பது. அது போக, கிறிஸ்துமஸுக்குக் கறுப்பு திராட்சையில் ஜீனியைக் கொட்டி ஜாடியில் ஊறவைக்கிற தித்திப்புத் தண்ணீர் ஒன்று உண்டு. அதோடு சரி.

என் தம்பி அடிலெய்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறான். லீவு நாளில் அங்கிருக்கிற திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் ஒயின் ருசி பார்க்கப் பழகிக்கொண்டவன். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஒரு பாட்டிலைத் திறந்து எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, என்ன வாசம் வருகிறது என்று கேட்டான். ஆளாளுக்கு மருந்து என்றார்கள், காடி என்றார்கள். நான் மூக்கை கிளாஸுக்குள் விட்டேன். எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் வழிநெடுகத் தைலமரக் காடு. மழை விட்ட மறுநாள் காலையில் அதற்குள் ஸ்கூட்டியில் போனால் ஒரு வாசம் வருமே, அது. தைலமரம் என்றேன். தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். இது கூனவாரா என்கிற வட்டாரத்து ஒயின், அங்கே தோட்டங்களைச் சுற்றித் தைலமரம் நிற்கும், அந்த எண்ணெய் பழத்தில் படிந்து ஒயின் வரைக்கும் வந்துவிடும் என்றான். எங்கள் நிலத்தடித் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிய மரமாயிற்றே, அதன் வாசம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்றேன். அன்றைக்குத் தலைக்கேறியதுதான்.

அதன் பிறகு அவன் வரும்போதும், தெரிந்தவர் யாராவது அங்கிருந்து திருச்சிக்கு வரும்போதும் பாட்டில் வந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் ஒயினை அலமாரியில் வைத்தால் கெட்டுப்போகும். அதனால் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணல் கொட்டி வைத்திருக்கிறேனே, அதற்குள் புதைத்து வைப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் போனைச் செம்பில் சாய்த்து வைத்து வீடியோவில் தம்பியைக் கூப்பிடுவேன். அவனும் அங்கே அதே ஒயினைத் திறந்து வைத்திருப்பான். பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை மேஜையில் விரித்து, அதன்மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பார்ப்பேன். இளசு என்றால் விளிம்பு ஊதா அடிக்கும். வயசான ஒயின் என்றால் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். அப்புறம் மோந்து பார்த்து, ஒரு வாய் வைத்து, உதட்டைக் குவித்துக் காற்றை இழுத்து, நாக்கில் உருட்டித் துப்பிவிட வேண்டும். அங்கே துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்களாம். எங்கள் வீட்டில்தான் படிக்கம் இருக்கிறதே.

தம்பி பிளாக்பெர்ரி, பிளம் என்று அடுக்குவான். நான் எங்கே கண்டேன் பிளாக்பெர்ரியை. எனக்கு நாவல், களாக்காய், மிளகு, புதுத் தோல் செருப்பு, இதுதான் கணக்கு. பரோசா வட்டாரத்து ஷிராஸ் என்றால் நாவலும் மிளகும். கூனவாரா காபர்நே என்றால் தைலமரமும், கருவேலம்பட்டையில் பல் விளக்கின துவர்ப்பும். கிரெனாஷ் என்று ஒரு ரகம், அது இலந்தை வடை மாதிரி, பரம சாது, துவர்ப்பென்பது பேருக்குக்கூடக் கிடையாது. இந்த கிரெனாஷை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு உட்கார்ந்திருப்பவருக்கு வெற்றிலை பாக்கும் புகையிலையும் துணை. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கிண்டலாக ஆரம்பித்தது, அதுவே பேராகிப்போனது. ஒயின் ருசி பார்க்க அவரும் வருவார். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு எவர்சில்வர் டம்ளரை நீட்டுவார். அந்தக் கண்ணாடி கிளாஸெல்லாம் தன் கைக்கு ஆகாது, உடைந்துவிடும் என்பார். ஒரு வாய் வாங்கி, கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்து, துப்பிவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். 'துவர்க்குது.' இல்லாவிட்டால், 'துவர்ப்பு பத்தல.' அவ்வளவுதான் அவருடைய மதிப்பீடு. ஆனால் பாக்கு மென்று பழகிய வாய், தராசு போலத் துல்லியமாகச் சொல்லும். துவர்ப்பு இருந்தால்தான் சிவப்பு ஒயின் வருஷக்கணக்கில் தாங்கும், மச்சான் சொன்னால் நம்பி வாங்கி வைக்கலாம் என்று தம்பி சொல்வான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

புகையிலை ஒழிப்பு நாளில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி உறுதிமொழி சொல்ல வைத்தவள் நான். வீட்டில் சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன், சண்டை போட்டேன், பொட்டலத்தைத் தூக்கி அடுப்பில் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் இன்னொரு பொட்டலம் வாங்கி வருவார். எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவது, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

போன வருஷம் பொங்கல் கழிந்த பிறகு தம்பி கொடுத்தனுப்பிய கிரெனாஷ் வந்தது, ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒன்றைத் திறந்தோம். நான் இலந்தை வடை என்றேன், தம்பி என்னவோ ஸ்ட்ராபெர்ரி என்றான். வீட்டுக்காரர் ஒரு வாய் வாங்கினார். உடனே படிக்கத்தைப் பக்கத்தில் இழுத்துத் துப்பினார்.

'எரியுது' என்றார்.

தம்பிக்கு ஒரே ஆச்சரியம். பச்சைப்பிள்ளைக்கு ஊற்றிக்கொடுத்தால்கூட அழாது, அவ்வளவு மெதுவான ஒயின், இது போய் எரிகிறதா என்றான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாட்டில் சூட்டில் வெந்துவிட்டது என்று நினைத்தேன். மணல் காய்ந்திருக்கும், பெட்டிக்குள் கிடந்து சூடாகியிருக்கும், காடியாக மாறப்போகிறது, அதைத்தான் அவருடைய நாக்கு முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டது என்று. பழைய மணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டேன், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். அடுத்த முறை திறந்தது ஒரு ஷிராஸ். அதற்கும் அதே வார்த்தை, எரியுது. நான் திரும்பத் திரும்ப மோந்தேன், நாக்கில் உருட்டினேன், எனக்கு ஒரு எரிச்சலும் தெரியவில்லை. என் நாக்குதான் மரத்துவிட்டதோ, வயசாகிவிட்டதோ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. என் நாக்குக்காக நான் பயந்தேன் பாருங்கள். வாய் திறந்து எரிகிறது என்று சொன்ன மனுஷன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் நாங்கள் நாற்பது நாள் ஒருசந்தி இருப்போம். கறி சேர்க்க மாட்டோம், பிடித்தது எதையாவது ஒன்றை விடுவோம். நான் வழக்கமாக ஒயினை விட்டுவிடுவேன். வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை மட்டும் கறியை விடுவார், மற்றபடி சாமிக்கும் அவருக்கும் ஒரு தூரத்து உறவுதான். அப்படிப்பட்டவர், நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த புதன்கிழமை, இந்தத் தவக்காலம் முழுக்க வெற்றிலை பாக்கு புகையிலை தொடப்போவதில்லை என்று சொன்னார். காரமும் வேண்டாம், கறியும் வேண்டாம் என்றார். எனக்கு நின்ற இடத்தில் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் கத்திச் சாதிக்காததை ஆண்டவர் சாதித்துவிட்டார் என்று நினைத்தேன்.

படிக்கத்தைப் புளி போட்டு நானே பளபளவென்று தேய்த்து, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். நாற்பது நாளும் அதற்கு வேலை இல்லை. அவருக்குக் குழைய வடித்த சோறும் தயிரும் போதும் என்றார். வாய் சூடு என்று ஒருநாள் சொன்னார், மணத்தக்காளிக் கீரை வாங்கிவந்து தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன். ஆள் மெலிந்தார். பேச்சைக் குறைத்தார். தோசையைக் குழந்தைக்குப் பிய்ப்பது போலச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வாய்க்குள் வைத்துக்கொண்டார். எல்லாமே ஒருசந்தி என்று எடுத்துக்கொண்டேன். நான் மட்டுமா, ஊரே எடுத்துக்கொண்டது. கோயிலில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அண்ணனப் பாத்துத்தான் எங்க வீட்லயும் சொல்றேன்' என்றார்கள். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக இந்த முறை என் வீட்டுக்காரரைப் போட்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு வெள்ளை வேட்டியைக் கஞ்சி போட்டு வைத்தேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஈஸ்டருக்குப் பித்தளைச் சாமான்களைத் தேய்த்துவிடலாம் என்று கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் படிக்கம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு சாக்கை மேலே போட்டு மூடி வைத்திருந்தது. சாக்கை எடுத்தேன். படிக்கம் நிமிர்ந்திருந்தது. உள்ளே சிவப்பு.

வெற்றிலையை மறுபடி ஆரம்பித்துவிட்டார், திருட்டுத்தனமாகப் போடுகிறார் என்றுதான் முதலில் கோபம் வந்தது. பிறகு கை தன்னால் பழகிய வேலையைச் செய்தது. படிக்கத்தைத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேராக, கிளாஸைச் சாய்ப்பது போலச் சாய்த்தேன். வெற்றிலை எச்சில் விளிம்பில் காவி நிறம் காட்டும். இதில் இல்லை. ஒயின் என்றால் ஊதா, இல்லாவிட்டால் செங்கல். அதுவும் இல்லை. எச்சிலுக்குள் நூல் நூலாக ஓடியது, பக்கத்தில் ஒட்டிக் கறுத்திருந்தது. மோந்து பார்த்தேன். இரும்பு. மழைக்காலத்தில் அடி குழாயில் முதலில் வருகிற தண்ணீரின் வாசம். தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எரியுது என்று அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தோசை வரைக்கும் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றது.

அதற்குள் அவர் வேட்டி கட்டிக்கொண்டு நேரமாச்சு டீச்சர் என்று கூப்பிட்டார். சாக்கை இழுத்துப் படிக்கத்தை மூடினேன். பூசை முடிந்து கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோயிலுக்குப் போனோம். பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், சாமியார் முட்டி போட்டு ஒவ்வொருத்தர் காலாகக் கழுவிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் கால் முறை வந்தபோது பக்கத்திலிருந்த பெண் என்னை இடித்துச் சிரித்தாள். நான் அவருடைய காலைப் பார்க்கவில்லை, தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் கொஞ்சம் உப்பியிருந்தது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு பேருக்கும் கழுவி முடிக்கும் வரைக்கும் ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஜெபம் எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து வாசல் கதவைச் சாத்தியதும் கேட்டேன். ஈறில் வேப்பங்குச்சி குத்திவிட்டது என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். நான் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன், கிட்டத்தட்டச் சண்டைக்கு நிற்பது போல. திறந்தார். என் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. மனுஷன் ஒரு காலத்தில் முழு அதிரசத்தை அப்படியே உள்ளே தள்ளுவார். இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக வெளுத்து, நடுவில் பச்சைப் புண். டார்ச்சை அணைத்துவிட்டேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பேசினார், மெதுவாக. பொங்கலுக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம். 'சாமிகிட்ட விட்டுருக்கேன் டீச்சர். நாப்பது நாள் எல்லாத்தையும் விட்டுட்டுச் சுத்தமா இருந்தா ஈஸ்டருக்குள்ள ஆறிரும்னு வேண்டிக்கிட்டேன்' என்றார். அப்படியானால் ஒருசந்தி பொய் இல்லை. நாங்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்த ஒருசந்தியை அவர் தன் உயிருக்காக இருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அதற்கு மட்டும் அசையவே இல்லை. அவருடைய அண்ணனுக்கும் வாயில் இதே மாதிரி வந்தது. முற்றிப்போன பிறகு கொண்டுபோனோம், வெட்டி எடுத்தார்கள், அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. கத்தி பட்டதால்தான் பரவியது என்பது அந்த வீட்டில் எல்லாரும் நம்புகிற விஷயம். அப்படி இல்லை, தாமதித்ததுதான் காரணம் என்று நான் விஞ்ஞானம் பேசினேன். சுவரோடு பேசியது போலத்தான் இருந்தது. ஈஸ்டர் வரைக்கும் விடு, ஈஸ்டருக்கு ஆறிவிடும் என்பதையே திரும்பச் சொன்னார். இழுத்துக்கொண்டு போக அவர் என்ன கன்றுக்குட்டியா? கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது. மணலுக்குள் அந்த இரண்டாவது கிரெனாஷ் இருந்தது.

'சரி, ஈஸ்டர் வரைக்கும் விடுறேன். அன்னைக்கு மத்தியானம் அந்த ஒயினை ஊத்துவேன். எரியலேன்னா அப்புறம் நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். எரிஞ்சா திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரி. சம்மதமா?'

சம்மதம் என்றார். அவருடைய முகத்தில் ஒரு தெளிச்சல்கூட வந்தது. ஆறிவிடும் என்று நிஜமாகவே நம்பினார். எனக்கு அதைப் பார்க்கத்தான் கூடுதல் பயம்.

பெரிய வியாழன் இரவிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் அந்த வெள்ளிக்கிழமை என் நெஞ்சிலேயே விழுந்தது. எல்லாரோடும் வெயிலில் சிலுவைப்பாதை போனோம், கோயிலில் ஊற்றிய கஞ்சியைக் குடித்தோம். அவர் கஞ்சியையும் ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் விழுங்கினார். தைலமரக் காட்டுப் பக்கம் தனியாகப் போய் நின்று தம்பிக்குப் போன் போட்டேன். எப்போதும் வளவளவென்று பேசுகிறவன், நான் சொல்லி முடித்ததும் நர்ஸ் குரலுக்கு மாறினான். ஒவ்வொன்றாகக் கேட்டான். வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா, எவ்வளவு மெலிந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்காதே அக்கா என்றான். வேறு வழி தெரியவில்லை என்றேன். எரிவதை மறைத்துக்கொண்டு எரியவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டான். அதுதான் எனக்கும் பயம்.

ஈஸ்டரன்று கறி வாசம் தெருவெல்லாம் வந்தது. எங்கள் வீட்டில் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. காலண்டர் தாளை விரித்தேன். செம்பில் போனைச் சாய்த்தேன், தம்பி அந்தப் பக்கம் வாழ்த்துக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். மணலைத் தோண்டிப் பாட்டிலை எடுத்து, எவர்சில்வர் டம்ளரில் ஒரு வாய் ஊற்றினேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். டம்ளரை வாங்கி, ஒயினை வாயில் வைத்தார்.

நான் என் கிளாஸைத் தொடவில்லை. அவரையே பார்த்தேன். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்தது. கண் சிவந்தது, நிறைந்தது, ஒரு சொட்டு வழிந்து தாடியில் நின்றது. துப்பியிருக்கலாம், துப்பவில்லை. அப்படியே வைத்திருந்து, விழுங்கினார். எனக்கு நேராகப் பார்த்துச் சொன்னார்.

'துவர்க்குது.'

அவருக்குத் தெரிந்த ஒரே நல்ல வார்த்தை அது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொன்ன வார்த்தை. என்னைச் சமாதானப்படுத்த அதைத்தான் எடுத்து நீட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அன்றைக்கு அழுதால் அவரை இழந்துவிடுவேன் என்று தெரியும்.

'கிரெனாஷ்ல துவர்ப்பே கெடையாதுங்க' என்றேன். 'ஒங்க நாக்குக்குத் தெரியாததா?'

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். போனில் தம்பி முகத்தை மூடிக்கொண்டது தெரிந்தது. தெருவில் யாரோ பட்டாசு போட்டார்கள். பிறகு என் கையை எடுத்துத் தன் இடது கன்னத்தில் வைத்துக்கொண்டார். அது சுட்டது.

'பயமா இருக்கு டீச்சர்.'

'எனக்குந்தாங்க' என்றேன். அதைச் சொன்ன பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை போனோம். பெரியாஸ்பத்திரியில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வருகிற வரைக்கும் நான் சாப்பிட்டது எதுவும் ஞாபகம் இல்லை. போன் அடித்தால் நடுங்கினேன், அடிக்காவிட்டால் இன்னும் நடுங்கினேன். புற்றுதான் என்று வந்தது. கழுத்துக்கு இறங்கவில்லை, இன்னும் ஒன்றிரண்டு மாதம் விட்டிருந்தால் இறங்கியிருக்கும் என்றார் டாக்டரம்மா. நான் கூச்சத்தை விட்டு அந்த ஒயினால் வந்ததா என்று கேட்டேன். பல நாள் என்னை அரித்த கேள்வி. மாதத்துக்கு ஒரு வாய் வைத்துத் துப்பியதால் வந்ததில்லை, பாக்கும் புகையிலையும்தான், ஆனால் இனி இவர் வாயில் அந்த மாதிரி எதுவும் படக்கூடாது, ஒயினும்தான் என்றார். தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கன்னத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது கத்தி என்று மட்டும் சொன்னார். நான் அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே கதவு வரைக்கும் நடந்தேன். கதவு மூடிய பிறகு என் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். கரண்டு வைத்து முடித்தபோது அவர் வாயில் ருசி என்பதே இல்லாமல் போயிருந்தது. கஞ்சி மண், பால் மண், தேன் விட்டாலும் மண். உமிழ்நீரே ஊறவில்லை. சிலருக்குத் திரும்பும், நாளாகும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது என்றார்கள். அவருக்கு அதுதான் வலியைவிடப் பெரிய துக்கமாக இருந்தது. பேச்சு குழறியது, டீச்சர் என்று கூப்பிடுவதுகூட வேறு மாதிரி வந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த தம்பி பாட்டில் கொண்டுவரவில்லை. நானும் அதற்குப் பிறகு எதையும் திறக்கவில்லை. தக்காளியை நறுக்கினால்கூட விளிம்பைப் பார்க்கிற கண் வந்துவிட்டது எனக்கு. படிக்கத்தைத் தினமும் காலையில் இன்னும் பார்க்கிறேன். வெறும் தண்ணீர்தான் கொப்பளித்துத் துப்புகிறார் என்று தெரியும், இருந்தாலும் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கழுவுவேன். சோதனைக்குப் போகிற நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விடும்.

இந்த வருஷம் ஆடியில் சந்தைக்கு நாவல்பழம் வந்தது. வாங்கலாமா என்று யோசித்துவிட்டுக் கொஞ்சம் வாங்கினேன். மத்தியானம் அவர் கொட்டகையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பழத்தை எடுத்து, சின்னத் துண்டாக நறுக்கி, அவருடைய நாக்கில் வைத்தேன். வழக்கம் போல மண் என்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் கம்பியைக் கீழே வைத்தார். வாய்க்குள் அதை மெதுவாகப் புரட்டினார். நெற்றி சுருங்கியது. எரிகிறதோ, மறுபடியும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

'துவர்க்குது' என்றார்.

நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன். ஈரம் இருந்தது. ஈஸ்டரன்றும் இருந்தது. அந்த வார்த்தையை நம்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் கையில் அந்தப் பழத்தின் மீதி இருந்தது. அதை வாயில் போட்டுக் கடித்தேன்.

துவர்த்தது.